ஸ்டோன்ஸ் பாட்டு, சிகாகோ பெரியவர்கள் கையில்

#1 ஆறாம்தந்தி

ஒரு வாரமாக வேறு எதையும் கேட்கவில்லை. 2018-இல் வந்த ‘சிகாகோ ப்ளேஸ் த ஸ்டோன்ஸ்’ ஆல்பம்தான் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர்கள் (ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த பாட்டு வகை) சேர்ந்து, லண்டன் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் பாடல்களைத் தங்கள் போக்கில் பாடிய தொகுப்பு. இரண்டு பாடல்களில் ஸ்டோன்ஸ்காரர்களே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பட்டி கய் பாடும் ‘ஹார்ட்பிரேக்கர்’ பாடலில் குழுவின் பாடகர் மிக் ஜாகர், ஜிம்மி பர்ன்ஸ் பாடும் ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’ பாடலில் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ‘ஹார்ட்பிரேக்கர்’. மூலப்பாட்டு 1973-இல் வந்த ‘கோட்ஸ் ஹெட் சூப்’ ஆல்பத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் போலீஸ் ஒரு பையனை ஆள் மாறிச் சுட்டுவிடுகிறது. அடுத்த சரணத்தில் பத்து வயதுப் பெண் குழந்தை தெருமுனையில் நின்று கையில் ஊசி குத்திக்கொள்கிறாள். இதைப் பாடும் ஜாகருக்கு அப்போது முப்பது வயது. கோபம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. செய்தித்தாளைப் படித்துவிட்டு எழுந்த கோபம் அது, அதில் தப்பொன்றும் இல்லை.

பட்டி கய் 1936-இல் லூசியானாவின் லெட்ஸ்வர்த் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோவுக்கு வந்து இறங்கினார். அந்தத் தேதியை இன்றும் பிறந்தநாள் மாதிரி நினைவு வைத்துச் சொல்வார். அதிலிருந்து அறுபது வருடம் அதே நகரம். இந்த ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு 82 வயது. ‘சுட்டுவிட்டார்கள்’ என்று அந்த மனிதர் பாடும்போது எனக்கு அது தெருவில் நடந்ததைப் பார்த்தவர் சொல்வது போலவே கேட்கிறது.

என் கேள்வி இதுதான். பாட்டை அவர் மாற்றிவிட்டாரா, இல்லை பாடுகிற ஆள் மாறியதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 இரவுவானொலி

நல்ல இழை. நான் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஸ்டோன்ஸ் பாட்டு பெரும்பாலும் ஒரு ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துணுக்கின்) மேல் எழுந்து நிற்கும் கட்டடம். கீத் முதலில் ரிஃப்பைப் பிடிப்பார், மீதியெல்லாம் அதைச் சுற்றி வளரும். அதனால் அந்தப் பாட்டை எடுத்துப் பாட நினைக்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ரிஃப்பை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதுதான். வைத்துக்கொண்டால் கல்யாண வீட்டு கச்சேரிக் குழு வாசிப்பது போல ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. விட்டால் கேட்பவருக்கு அது எந்தப் பாட்டு என்றே தெரியாமல் போகலாம்.

ப்ளூஸ் கிட்டார்காரர் ஆல்பர்ட் கிங் 1971-இல் ‘லவ்ஜாய்’ ஆல்பத்தில் ‘ஹாங்கி டாங்க் விமன்’ பாடினாரே, அதிலிருந்து தொடங்குங்கள். ஸ்டோன்ஸ் அந்தப் பாட்டை வெளியிட்டது 1969 ஜூலையில். தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் தட்டும் கவ்பெல் மணி, சார்லி வாட்ஸின் டிரம்ஸ், அப்புறம் கீத்தின் கிட்டார். முதல் சரணத்தில் மெம்பிஸ் நகரத்து மதுக்கடைப் பெண் ஒருத்தி வருவாள். லண்டன் பையன்களுக்கு மெம்பிஸ் என்பது இசைத்தட்டு உறையில் படித்த ஊர். அந்தப் பாட்டை அவர்கள் எழுதத் தொடங்கியதே பிரேசிலில், ஒரு பண்ணைவீட்டில்.

ஆல்பர்ட் கிங்குக்கோ மெம்பிஸ் வேலைக்குப் போகிற ஊர். அவருடைய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு கம்பெனி அங்கேதான் இருந்தது. அவர் வாயில் அந்த ஊர்ப் பெயர் வரும்போது பக்கத்துத் தெருவைச் சொல்வது போல இருக்கும். ஆறாம்தந்தி கேட்ட கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சொல் யாருடைய ஊர் என்பதே போதும்.

#3 கோடைமழை

இரவுவானொலி அண்ணா, ஒரு சந்தேகம். ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர், அதனால் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டு வாசித்தார் என்று படித்த ஞாபகம். அதனால்தான் அவருடைய பெண்ட் (கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது) தனியாகக் கேட்கிறதா?

#4 இரவுவானொலி

மாற்றிக் கட்டவில்லை தம்பி. அதுதான் விசேஷமே. வலது கைக்காரருக்கான கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே, தரைப்பக்கம். நாம் மெல்லிய கம்பியை மேல்நோக்கித் தள்ளி பெண்ட் செய்கிறோம். அவர் அதே கம்பியைத் தரையை நோக்கி இழுப்பார். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் கைக்குக் கிடைக்கிற பலம் வேறு. கிணற்றில் கயிறு இழுத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கம்பிகளை வழக்கத்தைவிடத் தளர்வாகச் சுருதி சேர்த்திருப்பார், மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லை கிடையாது, வெறும் கட்டைவிரல். ஆளும் ஆறடிக்கு மேல், பெரிய கை. இசைக்கு முன்னால் புல்டோசர் ஓட்டியவர்.

அவர் இழுக்கும் அந்தக் காந்தாரம் நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. ஸ்டோன்ஸ் பாட்டில் கீத் அடிப்பது அழுத்தமான மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), அதன் மேல் இந்த நடுவாந்தரக் காந்தாரம் வந்து உரசும்போதுதான் ராக் பாட்டு ப்ளூஸாக மாறுகிறது.

#5 மலைக்கோட்டைவாசி

சிகாகோ ப்ளூஸின் பெரியவர் மடி வாட்டர்ஸை யாருமே சொல்லவில்லையே. அவருடைய ‘எலெக்ட்ரிக் மட்’ ஆல்பம், 1968. அதில் ஸ்டோன்ஸின் ‘லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்’ இருக்கிறது.

இதை வரிசையாகப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். மடி 1950-இல் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு கம்பெனிக்காக ‘ரோலின் ஸ்டோன்’ பாடினார். அந்தப் பாட்டிலிருந்துதான் 1962-இல் லண்டன் பையன்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1961-இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக்கும் கீத்தும் மறுபடி சந்தித்தபோது மிக்கின் கக்கத்தில் இருந்தவற்றில் மடியின் இசைத்தட்டும் ஒன்று. 1967-இல் ‘லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்’ பாட்டை அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாட வந்தபோது ‘இரவு’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார்கள், ஜாகர் மாற்றிப் பாடினார். அடுத்த வருடமே அதே பாட்டை, ஐம்பதைத் தாண்டிய மடி வாட்டர்ஸ், ஒரு சொல்லுக்கும் கூச்சப்படாமல் பாடுகிறார். மார்ஷல் செஸ் தயாரிப்பு, சார்ல்ஸ் ஸ்டெப்னியின் இசைக்கோர்வை, பீட் கோஸி, ஃபில் அப்சர்ச் போன்றவர்கள் கிட்டார்.

இங்கே ரிஃப்பை விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அந்த இடத்தில் வைத்தது மடியின் ரிஃப் இல்லை. க்ரீம் குழுவின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ நினைவுக்கு வருகிற ஒன்று. அந்த ஆல்பத்தில் மடி கிட்டாரே வாசிக்கவில்லை, பாட்டு மட்டும்தான். பின்னாளில் அவருக்கே அது பிடிக்காமல் போயிற்று. என் பார்வையில் காரணம் எளிது. பாடுகிறவர் பெரியவர், ஆனால் எதை எப்படி மாற்றுவது என்று முடிவெடுத்தவர் அவர் இல்லை.

#6 ஆறாம்தந்தி

மலைக்கோட்டைவாசி, கடைசி வரிதான் நான் தேடிக்கொண்டிருந்தது. நன்றி.

ஆனாலும் ‘எலெக்ட்ரிக் மட்’டை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பீட் கோஸியின் கிட்டார் அதில் செய்வது வேறு யாரும் அந்த வருடத்தில் சிகாகோவில் செய்யாதது. மடியின் ஆல்பமாகக் கேட்டால் ஏமாற்றம். கோஸியின் ஆல்பமாகக் கேட்டுப் பாருங்கள், வேறொன்று கிடைக்கும். 2003-இல் மார்க் லெவின் எடுத்த ‘காட்ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ ஆவணப்படத்தில் அந்தப் பழைய கூட்டத்தை மறுபடி ஒன்றுசேர்த்தார்கள். அந்தக் கைகள் இன்னும் அதே சூட்டில் இருந்ததைப் பார்த்தேன்.

#7 நாற்பதுவாட்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பணம்தான் உறுத்துகிறது. சொல்லாமல் போக முடியவில்லை.

அமெரிக்காவில் ஒரு பாட்டு ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவு செய்யலாம். அனுமதி கேட்க வேண்டாம், சட்டம் சொல்லும் கட்டணத்தைக் கட்டினால் போதும். 2018-இல் அது ஒரு பிரதிக்கு 9.1 சென்ட். தங்கள் பாணிக்குத் தக்கபடி இசையை அமைத்துக்கொள்ளலாம், ஆனால் மெட்டின் அடிப்படையை மாற்றக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதுவரை சரி. இப்போது ஜிம்மி பர்ன்ஸ் பாடிய ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’ சிகாகோவின் ஒரு எஃப்எம் வானொலியில் ஒலிக்கிறது என்று வையுங்கள். அதற்கான பணம் பாட்டை எழுதியவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பகத்துக்கும் போகும். பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் வானொலிகள் பாடியவருக்குத் தருவதில்லை, எழுதியவருக்கு மட்டும்தான்.

அதாவது 75 வயது ப்ளூஸ் பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார், ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் பணம் போகிறது.

இதே ஸ்டோன்ஸ் 1968-இல் ‘பெகர்ஸ் பேங்க்வெட்’ ஆல்பத்தில் ‘பிராடிகல் சன்’ பாடியபோது எழுதியவர்கள் என்று தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அது ராபர்ட் வில்கின்ஸின் பாட்டு. 1929-இல் வேறு பெயரில் பதிவு செய்து, பாதிரியாரான பின் வேதாகமக் கதையை வைத்து மாற்றிப் பாடியவர் அவர். பிறகுதான் திருத்தினார்கள். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

#8 இரவுவானொலி

நாற்பதுவாட் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அதே பேரேட்டின் இன்னொரு பக்கத்தையும் வைக்க வேண்டும்.

1965 மே மாதம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஷிண்டிக்’ நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸை அழைத்தார்கள். சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃபையும் கூப்பிட்டால்தான் வருவோம் என்று நின்றார்கள். ஐம்பத்து நான்கு வயது உல்ஃப், பதின்வயதுப் பெண்கள் கூச்சலிடும் மேடையில், நாடு முழுக்கப் பார்க்கப் பாடினார். ஸ்டோன்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். 1969 சுற்றுப்பயணத்தில் பி.பி. கிங்கை முன்பாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். 1970-இல் ஐரோப்பாவுக்கு பட்டி கய்யையும் ஜூனியர் வெல்ஸையும் கூட்டிப்போனார்கள்.

‘யூ காட்டா மூவ்’ பாட்டு 1971-இல் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தில் வந்தபோது, அதை முன்பே பாடிப் பதிவு செய்த ப்ளூஸ்காரர் மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டோவலுக்கு உரிமைப் பணம் வாங்கித்தர ஆர்ஹூலி கம்பெனியின் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் போராட வேண்டியிருந்தது, உண்மை. ஆனால் மெக்டோவல் 1972-இல் இறப்பதற்கு முன் அந்தக் காசோலை அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

#9 நாற்பதுவாட்

போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதையே நான் சொல்கிறேன் அண்ணா. ஷிண்டிக் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்து நானும் கண்கலங்கியவன்தான். இரண்டும் ஒரே கூட்டத்தார் செய்தவை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.

#10 மதுரைக்காரி

பணப் பேச்சு முக்கியம்தான். ஆனால் ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’ பெயர் வந்ததால் நான் அந்தப் பாட்டுக்குள் போகிறேன், யாரும் இன்னும் போகவில்லை.

மூலப்பாட்டு 1978, ‘சம் கேர்ல்ஸ்’ ஆல்பம், பாரிஸில் பதிவு. கீத்தும் ரான் வுட்டும் வாசிக்கும் இரண்டு கிட்டார்களில் எது முன்னணி, எது தாளம் என்று பிரிக்க முடியாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நுழைவார், பாய் பின்னுவது போல. அவர்களே அதற்கு நெசவு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டின் மையச் சொல், நான் உனக்குப் பொதி சுமக்கும் மிருகமாக இருக்க மாட்டேன் என்பது. காதலியிடம் பாடுவது போல இருக்கும். தன் கெட்ட காலத்தில் குழுவின் பாரத்தைச் சுமந்த மிக்குக்கு நன்றி சொல்லும் எண்ணம் அதில் இருந்தது என்று கீத் பின்னாளில் விளக்கினார்.

ஜிம்மி பர்ன்ஸ் 1943-இல் மிசிசிப்பி டெல்டாவில் டப்ளின் என்ற ஊரில் பிறந்தவர். பருத்திக் காடு. கோவேறு கழுதையும் கலப்பையும் வைத்து உழுத மண். பன்னிரண்டு வயதில் சிகாகோவுக்கு வந்தார். அவர் அண்ணன் எடி பர்ன்ஸ் டெட்ராய்ட்டில் பேர்பெற்ற ப்ளூஸ்காரர். அப்படிப்பட்டவர் ‘பொதி சுமக்கும் மிருகம்’ என்று சொல்லும்போது அது எனக்கு உவமையாகவே கேட்கவில்லை. அந்த மிருகத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் அவர். அதன் பக்கத்தில் தன் சனங்களும் அதே வெயிலில் அதே வேலை செய்ததை அறிந்தவர்.

என் அப்பா செங்கல் சூளையில் சுமை தூக்கியவர். ‘நான் என்ன மாடா?’ என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டு நான் கேட்டிருக்கிறேன், சத்தம் போடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு. ஜாகர் மேல்ஸ்தாயியில் கெஞ்சிக் கொஞ்சிப் பாடுவது எனக்குப் பிடிக்கும், எப்போதும் பிடிக்கும். ஆனால் அப்பா கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தது பர்ன்ஸ் பாடியதைத்தான்.

#11 ஆறாம்தந்தி

அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். நேற்று வரை அதில் கீத்தின் கிட்டார் எங்கே நுழைகிறது என்றுதான் காது தேடிக்கொண்டிருந்தது. இன்று அது பின்னால் போய்விட்டது.

#12 கோடைமழை

நான் இந்த இழையில் சின்னவன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடமாகக் கிட்டார் பழகுகிறேன். நண்பர்கள் நாலு பேர் வாரக் கடைசியில் சேர்ந்து வாசிப்போம். நாங்களும் ஒரு ஸ்டோன்ஸ் பாட்டை ப்ளூஸாக மாற்றிப் பார்க்க ஆசை. ‘ஹாங்கி டாங்க் விமன்’ எடுத்தோம், எவ்வளவு முயன்றாலும் கீத் மாதிரியும் வரவில்லை, ஆல்பர்ட் கிங் மாதிரியும் வரவில்லை. எங்கே பிசகுகிறது?

#13 இரவுவானொலி

தம்பி, என்ன ட்யூனிங்கில் (கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையில்) வாசிக்கிறீர்கள்? வழக்கமான ட்யூனிங் என்றால் கீத் மாதிரி வரவே வராது. அவர் ஆறாவது தடித்த கம்பியைக் கழற்றியே வைத்துவிடுவார். (ஆறாம்தந்தி கோபித்துக்கொள்ள வேண்டாம்.) மீதி ஐந்து கம்பிகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஜி, பி, டி என்று சேர்ப்பார். எதையும் அழுத்தாமல் தட்டினாலே முழு ஜி கார்டு ஒலிக்கும். ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் அடுத்த கார்டு. அதன் மேல் இரண்டு விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்தால் அந்த ரிஃப் தானாகவே வந்து விழும். டெல்டா ப்ளூஸ்காரர்கள் ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி) வாசிக்கப் பயன்படுத்திய பழைய ட்யூனிங் இது, கீத் அதை கிட்டார்காரர் ரை கூடரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

ஆனால் நீங்கள் மாற்றிப் பாட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் அந்த ட்யூனிங்கையே தொடாதீர்கள். அதைத் தொட்டால் விரல் நேராகக் கீத்தின் வீட்டுக்குத்தான் போகும். வழக்கமான ட்யூனிங், வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், கவ்பெல் வேண்டாம். ஒருவர் மட்டும் கார்டு பிடிக்கட்டும், அதுவும் மெல்ல. பாடுகிறவர் ஒரு வரி பாடி முடித்த பின்தான் இன்னொரு கிட்டார் பேச வேண்டும். பாடும்போது கிட்டார் வாயைத் திறக்கக்கூடாது. பட்டி கய் வாசிப்பதைக் கவனியுங்கள், பாடுகிற வரிக்கும் கிட்டாருக்கும் ஒரே மூச்சுதான், அதனால் ஒரே நேரத்தில் இரண்டும் வராது. வரிக்கு வரி கேள்வியும் பதிலும்.

#14 மலைக்கோட்டைவாசி

இரவுவானொலி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் பாடிய ஸ்டோன்ஸ் பாட்டு ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ கேளுங்கள். அவர் கிட்டார்காரர் இல்லை, இருந்தாலும் கேளுங்கள். கீத் அந்த ரிஃப்பை ஃபஸ் பெட்டியில் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியில்) வாசித்தது சும்மா ஒரு குறிப்புக்காக. பிறகு அந்த இடத்தில் டிரம்பெட், சாக்ஸபோன் வைக்கலாம் என்று நினைத்திருந்தார். அவர் கேட்பதற்குள் பாட்டு வெளியாகிவிட்டது. மெம்பிஸில் ஓட்டிஸின் ஆட்கள் அதே ரிஃப்பை ஊதுகருவிகளுக்குக் கொடுத்தார்கள். கீத்தின் மனதில் இருந்த பாட்டை, அவர் சொல்லாமலே, சில மாதங்களில் வேறொருவர் செய்து முடித்தார்.

சில சமயம் மாற்றுகிறவர் பாட்டின் உள்ளே ஏற்கெனவே மறைந்திருப்பதைத்தான் எடுக்கிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

#15 தகரக்கொட்டகை

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக சிகாகோ போனபோது 2120 சவுத் மிச்சிகன் அவென்யூவுக்குப் போனேன். செஸ் ஸ்டூடியோ இருந்த கட்டடம். மிகச் சிறிய இரண்டு மாடிக் கட்டடம், நம் ஊர் ஜவுளிக்கடை அகலம்கூட இருக்காது. இப்போது ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் தொடங்கி வைத்த ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளை அங்கே இருக்கிறது. 1964 ஜூனில் ஸ்டோன்ஸ் அங்கே வந்து இரண்டு நாள் பதிவு செய்தார்கள். படிக்கட்டில் ஏறும்போது, பெட்டி தூக்கிக்கொண்டு அந்த இருபது வயதுப் பையன்கள் ஏறியது இதே படியில்தானே என்று நின்றுவிட்டேன். அவர்கள் உள்ளே போனபோது மடி வாட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாராம். கீத் சொன்ன கதை. எவ்வளவு வேதனை, தங்கள் குழுவுக்குப் பெயர் கொடுத்தவரை அந்தக் கோலத்தில் பார்ப்பது.

#16 நாற்பதுவாட்

தகரக்கொட்டகை, அந்தக் கதையை மார்ஷல் செஸ் திட்டவட்டமாக மறுத்திருக்கிறார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார். அவர் முதலாளியின் மகன், அதனால் மறுப்பதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கலாம். ஆனால் மடியை அறிந்த வேறு சிலரும் அவர் எப்போதும் மடிப்புக் கலையாத உடையில் வருபவர், தூரிகை பிடித்து நின்றிருக்க மாட்டார் என்றே சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கதையைப் பத்துப் பேரிடம் சொன்னவன். இப்போது சொல்வதில்லை. மடியைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்கித்தான் நாம் அவரை நேசிக்க வேண்டும் என்பதில்லை.

#17 தகரக்கொட்டகை

நன்றி நண்பரே. இது எனக்குத் தெரியாது. திருத்திக்கொள்கிறேன்.

#18 மதுரைக்காரி

நாற்பதுவாட் சொன்ன கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். பட்டி கய் அறுபதுகளில் பகலில் இழுவை லாரி ஓட்டி, இரவில் வாசித்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பரிதாபம் இருக்காது. வேலை, அவ்வளவுதான்.

#19 ஆறாம்தந்தி

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று. 2016-இல் ஸ்டோன்ஸ் ‘ப்ளூ அண்ட் லோன்ஸம்’ கொண்டுவந்தார்கள். முழுக்க சிகாகோ ப்ளூஸ் பாடல்கள், லண்டனில் மூன்றே நாளில் பதிவு. ஜாகர் அதில் ஊதும் மவுத் ஆர்கன் அவர் வாழ்க்கையிலேயே சிறந்தது என்பேன். ஆனால் அதில் அவர்கள் எதையும் மாற்ற முயலவில்லை. இசைத்தட்டில் கேட்டதை அப்படியே, பயபக்தியோடு வாசித்தார்கள். மாணவர்கள் வாத்தியார் முன்னால் வாசிப்பது போல.

இரண்டு வருடம் கழித்து வந்த சிகாகோ ஆல்பத்தில் அந்தப் பயபக்தி இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. பெரியவர்களுக்கு இந்தப் பாட்டுகள் புனிதமானவை இல்லை. பேரன் எழுதிய கடிதத்தைத் தாத்தா சத்தமாகப் படிப்பது போல, தன் மூச்சுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தி, தன் உச்சரிப்பில் படிக்கிறார்கள். அந்தச் சுதந்திரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

#20 கோடைமழை

அண்ணன்மாரே, அக்கா, செய்து பார்த்தோம்!

‘ஹாங்கி டாங்க் விமன்’னை விட்டுவிட்டோம். மதுரைக்காரி அக்கா எழுதியதைப் படித்த பிறகு ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’ எடுத்தோம். வழக்கமான ட்யூனிங், மிக மெதுவாக, ஒரு கிட்டார் மட்டும் கார்டு. முதல் இரண்டு தடவை கை தானாகவே பழைய ரிஃப்புக்கு ஓடியது. மூன்றாவது தடவை டிரம்ஸ் அடிக்கும் நண்பன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினான். அப்போதுதான் இடம் கிடைத்தது. பாடுகிறவன் வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்கினான், நான் அந்த இடத்தில் ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தேன், ஒன்றுதான். அவன் திரும்பிப் பார்த்தான். அடுத்த வரியை வேறு மாதிரி பாடினான்.

பதிவு செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி செய்வோம்.

#21 இரவுவானொலி

ஒரே சுரம். சரியாகப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. சனிக்கிழமை அந்தச் சுரத்தை இன்னும் கொஞ்சம் தாமதமாகத் தொடுங்கள். நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று பாடுகிறவனுக்குச் சந்தேகம் வரும் அளவுக்குத் தாமதம்.

#22 ஆறாம்தந்தி

நேற்று இரவு 1981 நவம்பர் 22 செக்கர்போர்டு லவுஞ்ச் காட்சியைப் பார்த்தேன். சிகாகோவின் தென்பகுதியில் பட்டி கய் பங்குதாரராக இருந்த சின்ன ப்ளூஸ் கிளப். மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டே மிக் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மிக் எழுந்து போகிறார். கொஞ்ச நேரத்தில் கீத், சுற்றிப் போக இடமில்லாமல், மேசை மேல் ஏறி மிதித்துக்கொண்டு மேடைக்கு வருகிறார். மடிக்கு அதற்கப்புறம் ஒன்றரை வருடம்தான் ஆயுள்.

பிறகு மடி பட்டியையும் கூப்பிடுகிறார். 45 வயது. கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். இந்தத் தடவை நான் மடியையும் மிக்கையும் விட்டுவிட்டு அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மடி பாடும்போது அவர் வாசிப்பை அடக்கிக்கொண்டு பெரியவரின் வாயையே பார்க்கிறார், வரி எங்கே முடிகிறது என்று.

அதைப் பார்த்துவிட்டு ‘ஹார்ட்பிரேக்கர்’ போட்டேன். முதல் சரணம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை.